லாரியில் தற்காப்புக்குக் கத்தி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நீண்ட தூர லாரி ஓட்டுகிறேன். போன மாதம் வண்டியை ஓரங்கட்டித் தூங்கும்போது நடு இரவில் யாரோ கேபின் கதவை இழுத்துப் பார்த்தார்கள், ஹாரனை விடாமல் அடித்ததும் ஓடிவிட்டார்கள். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. தலைமாட்டில் கத்தி வைக்கலாமா?

பதில் 1: வேண்டாம். அந்த இடுக்குக்குள் கைகலப்பு வந்தால் கத்தி யார் கைக்குப் போகும் என்று சொல்லவே முடியாது. கண் கூசும் டார்ச் ஒன்று வாங்குங்கள். வீல் ஸ்பேனர்தான் எப்படியும் வண்டியில் இருக்குமே.

பதில் 2: ஸ்பேனர் விஷயத்திலும் கவனம். டூல்பாக்ஸில் இருந்தால் அது கருவி, ஆனால் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு 'அடிக்கத்தான்' என்று போலீஸிடம் சொன்னால் பல நாடுகளில் அதுவே ஆயுதமாகிவிடும். கத்தி நீளத்துக்கான விதியும் எல்லை தாண்டினால் மாறும்.

பதில் 3: நான் செய்வது இதுதான்: சீட் பெல்ட்டைக் கதவின் உள்கைப்பிடி வழியாக விட்டு மாட்டிவிடுவேன், இரண்டு பக்கமும். பூட்டை உடைத்தாலும் கதவு லேசில் திறக்காது. ஆனால் தீப்பிடித்தால் நாமும் வெளியே வர வேண்டுமே, அதனால் பெல்ட் அறுக்கும் கட்டர் கைக்கெட்டும் தூரத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: பெல்ட் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இன்றிரவே செய்கிறேன், நன்றி.