புதுப்பிப்பு: மாருதி 800 போய் வேகன்ஆர் வந்தாச்சு

பழைய 800-க்குப் பதில் என்ன எடுக்கலாம் என்று கேட்டிருந்தேனே, கைமாறிய வெள்ளை வேகன்ஆர்தான் முடிவானது. பானெட் முழுக்க போர் தண்ணீர் உப்புக்கறை, ஷாம்பூவுக்கு அசையாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றிவைத்துக் கழுவணும். நிழலில்தான். வெயிலில் காய்ந்தால் புதுக்கறை விழும்.

அப்புறம் கிளே பார், அதாவது பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி. விரலுக்கு நறநறக்கும் இடத்தில் மட்டும், ஷாம்பூத் தண்ணீர் வழுக்க வழுக்கத் தேய்க்கணும். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் ஓடிய வண்டி, கட்டி செம்மண்ணாகச் சிவக்கிறது; மடித்துப் புதுமுகம் எடுக்கணும். கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்க, ஒட்டிய மணல் பெயிண்டைக் கீறும்.

மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்கு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள் வரிசையாக, தண்ணீரோடு; பிறகு பாலிஷ். மேலே யுவி (புற ஊதாக் கதிர்) தடுப்புப் பூச்சு இல்லையென்றால் பாளையங்கோட்டை வெயிலுக்கு மறுபடி மஞ்சள்தான்.