கைது வந்து சேர்ந்தது, தள்ளுபடி வந்து சேரவில்லை

அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோய், பள்ளி, டே கேர், நர்சிங் போன்ற வேலைக்குக் கைரேகை கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்பு இருந்த மாநிலத்தில், ஒரு கடையின் செல்ஃப் செக்கவுட்டில் பொருளை ஸ்கேன் செய்யாமல் எடுத்துப் போனதாகச் சொல்லி என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுத்தார்கள். கைரேகை, புகைப்படம் எல்லாம் எடுத்தார்கள். ரசீதையும் கேமரா பதிவையும் பார்த்த பிறகு அரசு வக்கீலே வழக்கைக் கைவிட்டார். கோர்ட் தள்ளுபடி செய்தது. விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் என் வக்கீலும் சொன்னார்.

சில வருஷம் கழித்து, இங்கே ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை வேலை கிடைத்தது. லைவ் ஸ்கேனில் (மை இல்லாமல் கருவியில் விரல் வைத்துப் பதிவது) கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். ஹெச்ஆரிலிருந்து போன் வந்தது: "உங்கள் பேரில் ஒரு கைது இருக்கிறது. முடிவு என்ன ஆயிற்று என்று அதில் இல்லை." எனக்குக் கை கால் ஓடவில்லை. 18 டாலர் கட்டி எஃப்பிஐயிடமிருந்து என் பதிவை நானே வாங்கிப் பார்த்தேன். கைதான தேதி, குற்றப் பிரிவு, கைது செய்த போலீஸ் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. தீர்ப்பு இருக்க வேண்டிய வரி மட்டும் காலி.

எல்லாம் எஃப்பிஐயிடம் ஒரே இடத்தில் முழுசாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் எஃப்பிஐ நடத்தும் ஏற்பாடு அடிப்படையில் ஒரு அட்டவணை. கைரேகை பொருந்தினால், இந்த ஆளைப் பற்றிய பதிவு இன்ன மாநிலத்தில் இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். வேலை, லைசென்ஸ் போன்ற காரியங்களுக்கும் மாநிலங்கள் தங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ள வழி செய்த ஒப்பந்தச் சட்டம் 1998இல் வந்தது. முதலில் சேர்ந்தவை மொன்டானாவும் ஜார்ஜியாவும். 1999இல் அமலுக்கு வந்தது. நானும் பிள்ளை பெற்றவள்தான். பக்கத்து மாநிலத்தில் குழந்தைகளைத் துன்புறுத்தியவன் இங்கே வகுப்பறைக்குள் நுழையாமல் தடுக்கிற இந்த ஏற்பாடு கட்டாயம் வேண்டும் என்றே இன்றைக்கும் சொல்வேன்.

சிக்கல் வேறு இடத்தில். கைதுத் தகவல் போலீஸிடமிருந்து கைரேகையோடு போகிறது. தீர்ப்போ பிறகு கோர்ட்டிலிருந்து தனியாகப் போய், அதே கைதோடு இணைய வேண்டும். என் விஷயத்தில் கோர்ட் அனுப்பிய தகவலில் கைது எண் விடுபட்டிருந்தது. அதனால் அது குற்றப் பதிவுகளை வைத்திருக்கும் மாநிலப் பதிவகத்தில் எதோடும் சேராமல் கிடந்திருக்கிறது.

அப்புறம் செய்தது இதுதான். கவுண்டி கோர்ட் கிளார்க்கிடம் முத்திரை வைத்த தீர்ப்பு நகல்கள் வாங்கினேன். ஒன்று ஹெச்ஆருக்கு, இன்னொன்று அந்த மாநிலப் பதிவகத்துக்கு. எஃப்பிஐயிடமும் திருத்தம் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களும் தகவல் கொடுத்த இடத்தைத்தான் திருப்பிக் கேட்பார்கள். எஃப்பிஐ பதிவைப் பார்த்து வேலை மறுப்பதற்கு முன், அதைத் திருத்தவோ நிரப்பவோ நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று மத்திய விதியே இருக்கிறது. அந்த அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள். நான் மின்னஞ்சலில் கேட்டேன், கொடுத்தார்கள். பள்ளி திறந்த பிறகுதான் சேர முடிந்தது என்றாலும், வேலை கைவிட்டுப் போகவில்லை.

கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு நேர்ந்தது வேறு மாதிரி. முன்பு ஒரு தனியார் நிறுவனம் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் வைத்துத் தேடி, வேறு யாருடைய வழக்கையோ இவர் தலையில் கட்டிவிட்டது. கைரேகை கொடுத்த பிறகுதான் அவர் பெயர் சுத்தமானது.

இன்னும் கிரீன் கார்டோ குடியுரிமையோ வாங்காதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வழக்கைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி மனு போடுவதற்கு முன்பே, முத்திரை வைத்த நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்ட கைதையும் குடிவரவுப் படிவங்களில் கேட்கிறார்கள். கோப்பு நீக்கப்பட்ட பிறகு கோர்ட்டில் போய் நகல் கேட்டால், கிடைக்காமலும் போகலாம்.