குளக்கட்டுப் பூங்காவில் பைக் சத்தம்: உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?

கிளிநொச்சி, ஒரு தாய்

எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்கா குளக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, மருதமர நிழலில் நாலு வாங்கு, அவ்வளவுதான். ஆனால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஊரில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். போன வருசத்திலிருந்து அதே நேரத்துக்கு நாலைந்து பெடியன்கள் ஹொண்டா எக்ஸ்.ஆர் மாதிரியான உயரப் பைக்குகளில் வருகிறார்கள். சைலன்சர் உள்ளே வெறுமை. பூங்காவுக்குள்ளால் ஓடி, குளக்கட்டில் ஏறி, மேலிருந்து பாய்ந்து, திரும்பவும் பூங்காவுக்குள். இருட்டும்வரை இதே வேலை.

சத்தம்தானே என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் அம்மாவும் என் ஆறு வயது மகளும் வாங்கில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த பைக் ஒன்று 'படார்' என்று வெடித்தது. அம்மா பிள்ளையை இழுத்து நிலத்தில் குப்புறப் போட்டு, அவளுக்கு மேலே தான் படுத்துவிட்டார். அறுபத்தெட்டு வயது. 2009 யுத்தத்தில் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று எங்களை இழுத்துக்கொண்டு ஓடியபோது ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான் படுத்தவர். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒண்டுமில்லை பிள்ளை, ஒண்டுமில்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மகளுக்கு முழங்கால் உரசிவிட்டது.

நான் பெடியன்களைப் பார்த்துக் கத்தினேன். அவர்கள் இன்னும் முறுக்கினார்கள். அடுத்த நாள் போனில் வீடியோ எடுக்கப் போனேன். ஒருத்தன் நம்பர் தகட்டைக் காலால் மறைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். பொலிசில் சொன்னேன். அவர்கள் வந்தபோது கட்டில் ஒருவரும் இல்லை. மறுநாள் திரும்பவும் அதே சத்தம்.

அம்மா அதற்குப் பிறகு பூங்காவுக்கு வருவதில்லை. உங்கள் ஊர்களில் இப்படி நடந்திருக்கும். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மறைக்காமல் எழுதுங்கள்.

வவுனியா, சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருப்பவர்

அக்கா, தனியே போய் முகத்துக்கு நேரே வீடியோ எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது சவால் மாதிரிப் போய்விடும். எங்கள் ஒழுங்கையிலும் அப்படித்தான் சண்டை முற்றியது.

நாங்கள் பிறகு செய்தது இதுதான். ஏழு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு சாதாரணக் கொப்பியில் மூன்று கிழமை குறித்தோம். திகதி, வந்த நேரம், போன நேரம், பைக்கின் நிறம், தெரிந்தால் இலக்கம். வேறொன்றும் எழுதவில்லை. திட்டு எழுதினால் கொப்பிக்கு மதிப்புப் போய்விடும். அதன் பிரதியை எல்லோரும் கையொப்பமிட்ட கடிதத்தோடு பொலிசுக்கும், கிராம அலுவலருக்கும், பிரதேச சபைக்கும் கொடுத்தோம். ஒருத்தர் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அடிப்பதற்கும் ஏழு குடும்பம் எழுத்தில் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தால் பிடிக்கலாம் என்று பொலிசுக்கும் அந்தக் கொப்பிதான் சொன்னது.

சட்டத்தில் இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் சரியாக வேலை செய்யும் சைலன்சரைக் கேட்கிறது. இலக்கத்தகடு, வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேறு. இந்தக் காட்டுப் பைக்குகளில் பாதிக்கு அதில் ஏதாவது ஒன்று இராது. அதற்கு மேலே, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிட அதில் வழி உண்டு. நாங்கள் அதுவரை போகவில்லை. அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியதே போதுமாயிற்று. ஊருக்குள்ளேயே தீர்க்க விருப்பம் என்றால் மத்தியஸ்த சபையும் இருக்கிறது.

முல்லைத்தீவு, கமக்காரர் அமைப்பில் இருப்பவர்

தங்கச்சி, சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் அந்தக் கட்டு.

சத்தம் இரவானால் நின்றுவிடும். ரயர் கிழித்த தடம் நிற்காது. எங்கள் சின்னக் குளத்தில் பெடியன்கள் ஒரே இடத்தால் ஏறி ஏறி, கோடை முடியும்போது முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் மாதிரி விழுந்திருந்தது. குளக்கட்டு என்றால் இறுக்கிய மண். அதைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் புல்தான். புல் போன இடத்தில் முதல் மாரி மழை ஒரு கோடு கிழிக்கும், இரண்டாவது மழை அதை ஓடையாக்கும். கட்டின் தலை ஒரு இடத்தில் பதிந்துவிட்டால், குளம் முட்டி வரும்போது தண்ணீர் வானால், அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழியால், போகாமல் அந்தப் பதிவால் வழியப் பார்க்கும். அப்படி வழியத் தொடங்கினால் கட்டை அறுத்துக்கொண்டுதான் போகும்.

2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்த நாட்களை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீடு வெள்ளத்துக்குள். அந்த இரவு நாங்கள் எங்கள் குளக்கட்டில் மண் மூட்டையோடு நின்றோம். எங்கே மெலிந்திருக்கிறது என்று ரோச் அடித்துப் பார்த்துப் பார்த்து அடுக்கினோம். அப்படி நின்றவனுக்கு, காய்ந்த கட்டில் பைக் ஏறுவதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

நாங்கள் பெடியன்களை ஏசவில்லை. புரட்டாதியில் காலபோக (பெரும்போக நெல்) விதைப்புக் கூட்டம் நடக்கும்போது அவர்களின் தகப்பன்மாரைக் கட்டுக்குக் கூட்டிப்போய்த் தடத்தைக் காட்டினோம். அதில் மூன்று பேருக்கு அந்தக் குளத்துக்குக் கீழேதான் வயல். பிறகு பெடியன்களே வந்து மண் போட்டு, அடித்து இறுக்கி, புல் பதித்தார்கள். இரண்டு பேர் இப்போதும் சிரமதானத்துக்கு முதல் ஆளாய் வருகிறார்கள். உங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குளமோ கமநல சேவையின் குளமோ, எதுவாக இருந்தாலும் கட்டைச் சேதப்படுத்துகிறார்கள் என்று எழுத்தில் கொடுத்தால் அது சத்தத்தைவிடப் பாரமான முறைப்பாடு.

பூநகரி

ஒரு விசயம் சொல்லவேண்டும். தயவுசெய்து கயிறோ கம்பியோ குறுக்கே கட்டாதீர்கள். என் சொந்தச் சித்தப்பா கோபத்தில் கட்டினார். பைக் வரவில்லை. பொழுதுபட்டு, வலையோடு சைக்கிளில் வந்த தொழிலாளி ஒருவர் அதில் கொழுவுப்பட்டு விழுந்து காறை எலும்பு முறிந்தது. அது கழுத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தப்பா இன்றும் நித்திரையில் எழும்புகிறார்.

புதுக்குடியிருப்பு, கராச் வைத்திருப்பவர்

அக்கா சொன்ன அந்த 'படார்' சத்தம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். பெடியன்களோடு கதைக்கும்போது உதவும்.

சைலன்சருக்குள் ஓட்டை ஓட்டையாய் ஒரு குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிநார்ப் பஞ்சு, சிலதில் அறை அறையாய்த் தடுப்பு இருக்கும். புகை அதற்குள் சுற்றி வரும்போது சத்தம் அடங்கிவிடும். உள்ளே இருப்பதை உருவி எடுத்தால் இழுவை கூடும் என்று ஒரு நம்பிக்கை. காபரேற்றரைத் திருத்தாமல் அதை மட்டும் கழற்றினால் பெற்றோல் காற்றுக் கலவை பிழைக்கும், இஞ்சின் சூடேறும். வேகத்தை விடும்போது எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றும். அதுதான் வெடி. ஆக, இழுவை கூடவில்லை, இஞ்சினின் ஆயுள் குறைகிறது. இதை நான் சொன்னால் கேட்கிறார்கள், பொலிஸ் சொன்னால் கேட்பதில்லை. 2025 தொடக்கத்தில் நாடு முழுக்க மேலதிகப் பொருத்துகளையும் சத்தச் சைலன்சர்களையும் கழற்ற வைத்தபோது என்னிடம் வரிசையில் வந்தார்கள். கொஞ்ச நாளில் சிலர் திரும்பவும் உருவிவிட்டார்கள்.

குளத்துப் பக்கம் சத்தம் ஏன் அவ்வளவு தூரம் போகிறது என்றும் பலர் கேட்பார்கள். பொழுதுபடும்போது தண்ணீருக்கு மேலே காற்றுக் குளிர்ந்து, அதற்கு மேலே சூடான காற்று நிற்கும். மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழேயே வரும். அதனால்தான் அக்கரையில் ஓடுகிற பைக் வீட்டு வாசலில் நிற்பது மாதிரிக் கேட்கிறது.

எந்தப் பெடியனாவது சைலன்சரைத் திருப்பிப் போட வந்தால் நான் கூலி எடுப்பதில்லை. பஞ்சுக் காசு மட்டும் தந்தால் காணும்.

முல்லைத்தீவு, 22 வயது

நான் அப்படி ஓடியவன். அக்காவின் அம்மாவைப் பற்றி வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு ஓட ஒரு இடம் இல்லை, அதுதான் உண்மை. றோட்டில் ஓடினால் சாவு. காட்டுக்குள் விட்டால் ஒன்று யானை, இல்லாவிட்டால் மிதிவெடி. ஒரு முறை நானும் இரண்டு பேரும் பற்றைக்குள்ளால் புதுத் தடம் தேடிப் போனோம். கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த ஒரு அக்கா எங்களை மறித்து, தான் முகமாலையில் ஒவ்வொரு அடியாய் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிய கதையைச் சொன்னா. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை விழுந்து கிடந்தால் நீ என்னத்தைக் கண்டாய் தம்பி என்று கேட்டா. எனக்குப் பதில் இல்லை. அன்றைக்குப் பிறகு தெரியாத நிலத்தில் விடுவதில்லை.

அதனால்தான் குளக்கட்டுக்கு வந்தோம், அங்கே மிதிவெடி இல்லை என்று தெரியும். பிள்ளைகள் பார்த்துக் கை தட்டுவார்கள், அது ஒரு புழுகம். ஆச்சிமார் பயப்படுவார்கள் என்று யோசித்ததே இல்லை. நான் பிறந்தது 2003. எனக்கும் வண்டுச் சத்தம், யுத்த நேரம் மேலே சுற்றிய வேவு விமானத்தின் சத்தம், காதில் இருக்கிறது, ஆனால் சின்னப்பிள்ளை ஞாபகம்தானே.

இப்போது அறுவடை முடிந்த வயலில், காணிக்காரரைக் கேட்டு ஓடுகிறோம். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. வரம்பை உடைத்தால் நாங்களே கட்டவேண்டும், அதுதான் பேச்சு. அக்கா, உங்கள் ஊர்ப் பெடியன்களிடம் கத்தாமல், "எங்கே ஓடினால் சரி?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எங்களை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

மன்னார்

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர் அட்டை போட்டுப் பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் தந்த மாதங்களில் எங்கள் குளக்கரை எவ்வளவு அமைதி! கொக்குக் கத்துவது வீட்டுக்குக் கேட்டது. பெற்றோல் வந்ததும் அது போய்விட்டது. வேறு யோசனை என்னிடம் இல்லை. இந்தப் பகிர்வை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளிநொச்சி, தொடங்கிய தாய், ஐந்து கிழமைக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கொப்பி எழுதினோம், நாலு வீடு சேர்ந்தது. மாதர் சங்கத்தில் மூன்று பேரோடு, பகலில், பைக் இலக்கம் தெரிந்த ஒரு பெடியனின் வீட்டுக்குப் போனேன். தாய் மட்டும் இருந்தா. தகப்பன் 2009 இல் இல்லாமல் போனவர். சுவிசில் இருக்கும் மாமன் காசு அனுப்பி எடுத்துக்கொடுத்த பைக். மகன் ரியூசனுக்குப் போகிறான் என்றுதான் தாய் நினைத்திருக்கிறா. நான் அம்மா நிலத்தில் படுத்ததைச் சொன்னதும் அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் எழும்பித் தேத்தண்ணீர் போட்டா. அவவும் மாத்தளனில் இருந்தவதான்.

பொழுதுபட அந்தப் பெடியன் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்து நின்றான். உள்ளே வரச்சொல்லி அம்மாதான் கூப்பிட்டார். அவன் மன்னிப்புக் கேட்க வந்தவன், அம்மா அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நாலு பேரில் மூன்று பேர் இப்போது பூங்காவுக்குள் வருவதில்லை. கமக்காரர் அமைப்பு கட்டில் ஏறும் இடத்தில் பனங்குற்றிகளை மாறிமாறி நட்டிருக்கிறது. சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து தள்ளிப் பார்த்துத்தான் இடைவெளி விட்டோம், ஏனென்றால் எங்கள் ஊரில் அது நாலு பேருக்குத் தேவை. பைக் அதற்குள்ளால் வேகமாகப் போக முடியாது. நாலாவது ஆள் பக்கத்து ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் வருகிறார். அவருடைய பக்கம் கொப்பியில் தொடர்கிறது, கடிதமும் எழுதி வைத்திருக்கிறோம். ஓடுவதற்கு இடம் மட்டும் இன்னும் சரிவரவில்லை. காலபோக அறுவடைக்குப் பிறகு தன் வயலைத் தரலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

புதுக்குடியிருப்புத் தம்பி, உங்கள் கராச் எந்தச் சந்திக்குக் கிட்ட என்று தனியே எனக்கு எழுதுங்கள். மன்னிப்புக் கேட்க வந்த பெடியன் சைலன்சரைத் திருப்பிப் போட வருகிறானாம். பஞ்சுக் காசு அம்மா தருகிறாவாம்.