கோவை விமான நிலைய விரிவாக்கம்: சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள பணிகளை எந்தத் திட்டத்தில் சேர்க்கக் கேட்பது?

சின்னியம்பாளையத்துக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நம் கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்காகச் சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், இருகூர், காளப்பட்டி, நீலாம்பூர் ஆகிய கிராமங்களில் சுமார் 627 ஏக்கர் நிலம் எடுக்கும் வேலை 2010ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி, இப்போது அதில் பெரும்பகுதி இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஏறத்தாழ 2,990 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையை 3,800 மீட்டருக்கு நீட்டுவார்கள், புதிய முனையமும் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த விரிவாக்கம் வேண்டும் என்பதில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு கருத்து கிடையாது. திருப்பூர்ப் பின்னலாடையையும் நம் ஊர் இயந்திர உதிரிபாகத்தையும் லாரியில் ஏற்றிக் கொச்சிக்கோ சென்னைக்கோ கொண்டுபோய் விமானம் ஏற்றுகிற நிலை மாற வேண்டும்.

எங்கள் கவலை சுவருக்கு வெளியே உள்ளதைப் பற்றியது. புதிய சுற்றுச்சுவர் எழும்பினால் தோட்டங்களுக்குப் போகிற இரண்டு இட்டேரிகள் (வேலிகளுக்கு நடுவே போகும் தடங்கள்) பாதியில் நின்றுவிடும் என்று தெரிகிறது. மழைக்காலத்தில் ஓடுகிற சிறு பள்ளம் ஒன்றின் கதி என்ன என்பதை இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மனு கொடுக்கப் போன இடங்களில் எல்லாம் "இது எங்கள் வேலை இல்லை" என்றுதான் பதில் வந்தது. விமான நிலையங்களுக்கு மூலதன மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று உண்டு, அதில் சேர்த்தால்தான் எந்தப் பணியும் நடக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். எங்கள் வடிகாலையும் மாற்றுப் பாதையையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியுமா? முடியாது என்றால் வேறு எங்கே கேட்பது?

ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர், பீளமேடு:

அய்யா, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. விமான நிலையத்துக்கு முதலில் இருபது ஆண்டுகளை மனத்தில் வைத்து ஒரு முழுமைத் திட்டம் வரைவார்கள். அதிலிருந்து அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்தப் பணி, எந்த ஆண்டில், எவ்வளவு செலவில், எந்தப் பணத்தில் என்று பிரித்து எழுதுவதுதான் மூலதனத் திட்டம். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், ஆண்டுக்கு 35 லட்சத்துக்கு மேல் பயணிகள் வரும் பெரிய நிலையங்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கில் கட்டணம் நிர்ணயிக்கிறது. (2019 திருத்தத்துக்கு முன்பு இந்த எல்லை 15 லட்சமாக இருந்தது.) போடுகிற மூலதனத்தைப் பயணிகளும் விமான நிறுவனங்களும் செலுத்தும் கட்டணத்திலிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்பதால், விமான சேவைக்குப் பயன்படாத செலவை அந்தக் கணக்கில் ஏற்றுவது கடினம். எனவே ஊராட்சி வடிகாலை அந்தத் திட்டத்தில் சேருங்கள் என்று நேரடியாகக் கேட்டால் மறுத்துவிடுவார்கள்.

ஆனால் சுவருக்கு உள்ளே நடக்கும் பணியால் வெளியே விளையும் பாதிப்பைச் சரிசெய்வது உள்ளே நடக்கும் பணியின் ஒரு பகுதிதான். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன் மேல் தாரோ கான்கிரீட்டோ போட்டபின் ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர் நீர் வெளியேறும். சோளக்காடாக இருந்தவரை அதில் கணிசமான பகுதியை மண் குடித்திருக்கும். ஓடுபாதை, இணைபாதை, விமான நிறுத்துமிடம், முனையம், வாகன நிறுத்துமிடம் எல்லாம் சேர்ந்து 100 ஏக்கர் மூடப்பட்டது என்று வைத்துக்கொண்டால் அது 2 கோடி லிட்டர். அந்த நீர் சுவரில் எந்த இடத்தில், எத்தனை அகல வாய் வழியாக, எந்த மட்டத்தில் வெளியே வரும் என்பது வடிகால் வரைபடத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த வரைபடத்தைக் கேளுங்கள்.

இதைக் கேட்பதற்கான காலமும் முக்கியம். நிலம் கைக்கு வந்ததும் பொதுவாக முதலில் விடப்படும் ஒப்பந்தம் சுற்றுச்சுவர்தான். மண் வேலை, ஓடுபாதை, விளக்குகள், முனையம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. சுவரின் அடித்தளம் போட்டபின் நீர்வழிக்கு இடம் விடச் சொன்னால் புதிய மதிப்பீடு, புதிய ஒப்புதல் என்று ஆண்டுகள் ஓடிவிடும்.

வீடு கட்டும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். ஓடுபாதையின் முனைக்கு அப்பால் 60 மீட்டர் பட்டையும், அதற்கு அப்பால் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதியும் காலியாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை. இறங்குவழி விளக்குகள் 900 மீட்டர் வரை நீளும். ஓடுபாதையைச் சுற்றிலும் சுமார் 4 கிலோமீட்டருக்கு 45 மீட்டர் உயர வரம்பு உண்டு. இறங்குவழிக்கு நேர்க் கீழே அது இன்னும் குறையும். ஓடுபாதை நீண்டால் இந்த எல்லைகளும் கூடவே நகரும். 2015ஆம் ஆண்டு உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வண்ணக் குறியிட்ட வரைபடம் உள்ளது. மாடி எழுப்புவதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுங்கள்.

தோட்டத்துக்காரர், இருகூர்ப் பக்கம்:

பொறியாளர் அய்யா சொன்ன மட்டம் என்ற சொல்லை எல்லோரும் இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத்தை ஒட்டி வேறொரு சாலைப் பணி நடந்தது. பள்ளத்தின் குறுக்கே குழாய்ப் பாலம் வைத்தார்கள். ஆனால் குழாயின் அடிவாய் பள்ளத்தின் தரைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் அமைந்துவிட்டது. வேலை நடந்தபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த ஒன்றரை அடிக்கு ஏறும்வரை எங்கள் தென்னந்தோப்பில் நின்றது. தென்னை கொஞ்ச நாள் தாங்கும். ஊடுபயிராக வைத்திருந்த வாழை பத்தே நாளில் வேரழுகிச் சாய்ந்தது. நான் எழுதிய கடிதங்களுக்குக் கிடைத்த பதில், பாலம் ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படியே கட்டப்பட்டுள்ளது என்பதுதான். அதுவும் உண்மைதான். தவறு வரைபடத்திலேயே இருந்தது.

ஆகையால் மனுவோடு புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) இணைத்துக் கொடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும் புலப்படத்தில் இட்டேரி வண்டிப்பாதையாகக் காட்டப்பட்டிருந்தால் அதற்கு ஒரு புல எண்ணும் அகலமும் இருக்கும். அப்படிக் காட்டப்படாமல், பங்காளிகள் இரு பக்கமும் ஒரு முழம் விட்டுக்கொடுத்து உண்டான தடம் என்றால், அதைக் காகிதத்தில் நிரூபிப்பது மிகவும் சிரமம். கிளுவை வேலி கட்டி மூன்று தலைமுறையாக நடந்த தடமாக இருந்தாலும் சுவரின் வரைபடத்துக்கு அது தெரியாது. சுவர் வந்துவிட்டால், பால் கொண்டுபோகிறவர்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவினாசி சாலைக்கு ஏறிச் சுற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வந்த நாளிலிருந்து இழப்பீடு கைக்கு வரும்வரை பத்தாண்டுக்கு மேல் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல், அடமானம் வைக்கவும் முடியாமல் இருந்த குடும்பங்கள் இங்கே உண்டு. திட்டத்தின் செலவுக் கணக்கில் நிலத்தின் விலை இருக்கிறது. காத்திருந்த ஆண்டுகளின் விலை எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த கட்டத் திட்டத்திலாவது, நிலம் எடுப்பதற்கான பணம் எந்த ஆண்டில் தயாராக இருக்கிறதோ அந்த ஆண்டில் மட்டும் அறிவிப்பு வெளியிடுங்கள் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் பணிபுரியும் பொள்ளாச்சிக்காரர்:

இங்குள்ள நடைமுறை ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம். இங்கே ஒவ்வொரு விமான நிலையமும் தன் பல்லாண்டு மூலதனத் திட்டத்தைக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஆண்டுதோறும் புதுப்பித்து அனுப்புகிறது. 1982இல் தொடங்கிய மானியத் திட்டத்தின் பணம் பயணச்சீட்டு வரியிலிருந்தும் எரிபொருள் வரியிலிருந்தும் வருகிறது. விமான நிலைய வருமானத்தை விமான நிலையத்துக்கு வெளியே செலவிடக் கூடாது என்ற தடை இங்கேயும் கண்டிப்பாக உள்ளது. நம் ஊரில் கிடைக்கும் பதிலே இங்கும் கிடைக்கும். ஒலிப் பாதிப்பு மட்டும் விலக்கு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இரைச்சல் விழும் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒலித்தடுப்பு செய்துகொடுக்க அந்த மானியத்தையே பயன்படுத்தலாம். மற்றவற்றை நகராட்சி தன் சொந்த மூலதனத் திட்டத்தில், ஓடுபாதைப் பணி நடக்கும் அதே ஆண்டின் கீழ் எழுதிவைக்கிறது. நான் இருக்கும் ஊரில் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒரே கூட்டத்தில் பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைநீரைத் தேக்கக் குட்டை வெட்டுங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். ஓடுபாதை அருகே திறந்த நீர்நிலை இருந்தால் பறவைகள் கூடும். இங்கே அத்தகைய தேக்கங்கள் மழை நின்ற 48 மணி நேரத்துக்குள் வடிந்துவிட வேண்டும் என்பது வழிகாட்டுதல். அருகிலேயே வேண்டுமென்றால் நிலத்தடிக்கு இறங்கும் உறிஞ்சு அமைப்புகளையும், சற்றுத் தள்ளி உள்ள பழைய குட்டைக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்காலையும் கேளுங்கள்.

உள்ளாட்சிப் பணியில் இருந்தவர்:

பறவைப் பிரச்சினை உங்களுக்குச் சாதகமாகவும் அமையும். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் குப்பை கொட்டக் கூடாது என்று 1937ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே உள்ளது. இறைச்சிக் கழிவும் குப்பைமேடும் பருந்துகளை இழுக்கும் என்பதால், ஊராட்சியின் திடக்கழிவு மேலாண்மைக்கு உதவி கேட்டால் விமான நிலையத் தரப்பு காது கொடுத்துக் கேட்கும். மாவட்ட ஆட்சியர் இருக்கும் விமான நிலையச் சுற்றுச்சூழல் குழுவில் இதைப் பேச இடம் உண்டு.

சாலை, வடிகால் பற்றி: உண்மையான சிக்கல், ஒரே சுவரைச் சுற்றி மூன்று வகை உள்ளாட்சிகள் இருப்பதுதான். காளப்பட்டி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது, இருகூர் பேரூராட்சி, சின்னியம்பாளையமும் நீலாம்பூரும் ஊராட்சிகள். பள்ளம் இந்த எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் வரும் துண்டுக்கு மட்டும் மதிப்பீடு போட்டால், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு வடிகால் உருவாகும். ஆகவே பள்ளத்தின் தலை முதல் நொய்யல் சேரும் இடம்வரை ஒரே மதிப்பீடு, அதற்கு மாநில அரசின் ஒரே நிர்வாக ஒப்புதல் என்று கேளுங்கள். நிலத்தை எடுத்துக் கொடுத்தது மாநில அரசு என்பதால், அதன் விளைவுகளுக்கான வெளிப்பணிகளையும் அந்தத் திட்டத்தின் பகுதியாகவே கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கிராம சபையில் தீர்மானம் போடும்போது "வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதாதீர்கள். புல எண், நீளம், அகலம், எந்த நிதியாண்டு, எந்தத் துறை என்று எழுதுங்கள். அவ்வாறு எழுதப்படாத தீர்மானங்கள் கோப்பிலேயே தங்கிவிடுவதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அதே வாசகத்தை அங்கேயும் எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சின்னியம்பாளையத்துக்காரர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தோட்டத்து அண்ணன் சொன்னபடி இன்று இரண்டு இட்டேரிகளின் புலப்படத்துக்கும் விண்ணப்பித்துவிட்டோம். ஒன்று வண்டிப்பாதையாகப் பதிவாகியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் வாய்மொழியாகச் சொன்னார். மற்றொன்று பட்டா நிலத்துக்குள் போகிறதாம். அதன் இரு பக்க உரிமையாளர்களிடமும் இந்த வாரமே எழுதி வாங்கப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மட்டம் பார்க்கும் கருவியோடு பள்ளத்தின் வழியே நடக்கப் போகிறோம். பொறியாளர் அய்யாவுக்கு வர இயலுமானால், சுவர் வரப்போகும் எல்லைக்கல் அருகிலிருந்தே தொடங்கலாம்.