மறு: ‘ரேங்க் அண்ட் ஃபைல்’ – தமிழில் என்ன எழுதலாம்? (எழுதுபவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

சாட்ஸ்வொர்த் (ஆசிரியை):
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியத் தொழிலாளர்கள் செய்த 1913 வேலைநிறுத்தம் பற்றி ஒரு விளக்கப் பலகை வைக்கிறோம். வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும். ஆங்கில மூலத்தில் ‘ரேங்க் அண்ட் ஃபைல்’ நான்கு இடத்தில் வருகிறது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்தியவர்களைத்தான் அது சொல்கிறது. ‘அடிமட்டத் தொண்டர்’ என்றால் கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கிறது. நல்ல சொல்லாகத் தாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அம்மா, முதலில் பொருளைப் பார்ப்போம். தோளோடு தோள் நிற்கும் வரிசை ரேங்க்; ஒருவர் பின் ஒருவராக நிற்பது ஃபைல். பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயும் கார்ப்பரலும்தான் இந்தக் கணக்கில் வருவார்கள், சார்ஜென்ட் வரமாட்டார். பிறகு கட்சி, தொழிற்சங்கம் என்று பரவி, பதவியில் இல்லாத எல்லோரையும் குறித்தது. நம்மிடம் இரண்டுக்கும் சொல் உண்டு: நிரை, நிரல். கணக்குப் பாடத்தில் அணிக்கு (மேட்ரிக்ஸ்) இதே சொற்கள்தான், படைக்கும் ‘அணி’ என்றுதானே சொல்கிறோம்! நன்னூலின் நிரல்நிறைப் பொருள்கோளையும் பாருங்கள். சொற்களை ஒரு வரிசையாகவும் அவை கொள்ளும் பொருளை இன்னொரு வரிசையாகவும் நிறுத்துகிறோம். பந்தி, பத்தி இரண்டும் வரிசைதான், ஆனால் வடமொழி வழி வந்தவை. ஆகவே ‘நிரைநிரலார்’.

ஃபீனிக்ஸ்:
ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். நிரை என்றதும் எனக்கு ஆநிரைதான் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் ஆட்களை மாடு மாதிரி நடத்தியதைச் சொல்லும் பலகையில் அந்தச் சொல் வேண்டாம். நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இங்கிலீஷ். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அக்கா, ‘சாதாரணத் தொழிலாளர்கள்’ என்று போட்டுவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
சாதாரணம் வடசொல். சரி, நிரையை விடுகிறேன். குறள் 770-ஐ எடுங்கள்: ‘நிலைமக்கள் சால உடைத்தெனினும் தானை தலைமக்கள் இல்வழி இல்.’ நிலைமக்கள் (நிலைத்து நிற்கும் வீரர்கள்), தலைமக்கள் (தலைவர்கள்) என்று வள்ளுவரே இணையாக வைத்துவிட்டார். இதற்கு மேல் என்ன தேட வேண்டும்?

ஜோகன்னஸ்பர்க்:
ஐயா, சொல் அருமை. ஆனால் தலைவர் இல்லாவிட்டால் படையே இல்லை என்கிறது குறள். பலகை சொல்லும் கதை அப்படி இல்லையே. காந்தியின் சக போராளி தம்பி நாயுடுவும் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து போன பெண்களும், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அக்டோபரில் நியூகாசில் போய்ச் சுரங்கத்து ஆட்களிடம் பேசினார்கள். அதுவரை தலைமக்கள் இருந்தது உண்மை. நவம்பர் 6-ஆம் தேதி காந்தி தலைமையில் வேலைநிறுத்தக்காரர்களின் ஊர்வலம் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டியது. சில நாளில் காந்தி சிறையில். அதற்குப் பிறகுதான் கடலோரக் கரும்புத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் பெரும்பாலும் தாமாகவே வேலையை நிறுத்தினார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவருக்குக் கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தவர் வருடா வருடம் கட்ட வேண்டிய வரி 3 பவுண்டு (60 ஷில்லிங்), அதாவது அந்தக் கணக்கில் ஆறு மாதக் கூலி. அவர்களைக் கிளப்பிவிடத் தலைவர் எதற்கு?

இன்னொன்று. சார்ஜென்ட்டை வெளியே நிறுத்தும் அந்தக் கணக்கு இங்கே நன்றாகப் பொருந்தும். ‘தொழிலாளர்’ என்று மட்டும் எழுதினால் தோட்டத்துச் சர்தாரும், அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியும், உள்ளே வந்துவிடுவார். அதனால் நான் சொல்வது ‘களத்தில் நின்றவர்கள்’. படை வாசமும் போகவில்லை, பிள்ளைகளுக்கும் புரியும்.

ஃபீனிக்ஸ்:
இந்தப் பலகைக்குச் சரி, அண்ணே. இன்றைய சங்கத்தில் சந்தா மட்டும் கட்டிவிட்டு வீட்டில் இருப்பவரும் ரேங்க் அண்ட் ஃபைல்தான். அவர் எந்தக் களத்தில் நின்றார்?

சாட்ஸ்வொர்த் (ஆசிரியை):
பொதுச் சொல்லுக்கு இப்போது நேரமில்லை. தலைப்பில் ‘களத்தில் நின்றவர்கள்’, உள்ளே மூன்று இடத்தில் ‘சாதாரணத் தொழிலாளர்கள்’. மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள், ஐயா மட்டும் பாக்கி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
நான் சம்மதிக்கவில்லை. நிலை என்றால் நின்ற இடத்தை விட்டுப் பெயராதது. தலைவர்கள் சிறைக்குப் போன பிறகும் நின்றவர்களுக்கு நிலைமக்கள் என்று பெயர் வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? குறளின் முடிவு நமக்கு ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம். சொல்லை ஏன் விட வேண்டும்? பலகையை மறுபடி அச்சிடும்போது இதைத் திரும்பக் கேட்பேன்.