சில்வர் ஓக் நட்டால் மலை பச்சைதான், காடு ஆகுமா?

கோரிமேட்டு வாத்தியார்:
ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழைய நிழல் மரங்களை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் நடுவதைப் பற்றிப் போன வாரம் பேச்சு வந்தது. "ஒரு மரம் போய் இன்னொரு மரம் வந்திருக்கிறது, மலை பச்சையாகத்தானே இருக்கிறது, உயிர்ப்பன்மை, அதாவது பல வகை உயிர்கள் சேர்ந்து வாழ்வது, எங்கே கெட்டது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மரம் வெயிலைப் பிடிக்கிறது என்பதை மட்டும்தான் பச்சை காட்டும். பிடித்த ஆற்றல் அப்புறம் யார் வாய்க்குப் போகிறது என்று பார்க்க வேண்டாமா? அத்தியோ அதன் இனமான இச்சியோ நின்றால் பழம் குக்குறுவான் பறவைக்கும் வௌவாலுக்கும் போகும், உதிர்ந்தது எறும்புக்கும் வண்டுக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கில் தின்னும்படியான பழமே கிடையாது. காய் உலர்ந்து வெடிக்கும், சிறகு வைத்த விதை பறக்கும், அவ்வளவுதான். அது சேர்த்ததில் பெரும்பங்கு கட்டையாக நின்று ஒரு நாள் லாரி ஏறிவிடுகிறது.

மிளகுக்கொடி:
கேட்டவன் நான்தான். நாகலூர்ப் பக்கம் சின்னத் தோட்டம். லாரி ஏறுவதில் என்ன குற்றம் வாத்தியாரே? காப்பி விலை விழுந்த வருஷம் ஆட்களுக்குக் கூலி கொடுத்தது அந்தக் கட்டைதான். ஓக் நேராக வளரும், மிளகு பிடித்து ஏறும், கிளை கழிக்க அதிக ஆள் வேண்டாம். அத்தி அப்படியா? படர்ந்து மூடிக்கொள்ளும், வருஷா வருஷம் ஏறிக் கழிக்க ஆள் தேட வேண்டும். அப்புறம், ஓக் பூவில் தேன் இருக்கிறது. பூக்கும் சமயத்தில் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் அடிக்கும் கூத்தை வந்து பாருங்கள். ஒன்றுமே கொடுக்காத மரம் என்று பழி போடாதீர்கள்.

கோரிமேட்டு வாத்தியார்:
தேன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்து ஓக் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் பூத்து ஓய்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு? அத்தி இனங்களில் மரத்துக்கு மரம் காய்க்கும் காலம் மாறும். மகரந்தம் சேர்க்கும் அத்திக்குளவி சில நாள்கூட வாழாது. ஒரு மரத்துக் காயிலிருந்து வெளியே வந்ததும் வேறு மரத்தில் இளங்காய் கிடைத்தால்தான் அதன் வம்சம் தொடரும். அதனால் ஏதாவது ஒரு மரத்தில் எப்போதும் காய் இருக்கும். வேறெங்கும் பழம் இல்லாத மாதத்தில் பறவைகள் தாக்குப்பிடிப்பது இதனால்தான்.

அஸ்தம்பட்டிக்காரன்:
சண்டையில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையில் புலி இருக்கிறதா? இல்லை. பெரிய மிருகம் என்றால் காட்டெருமை, அதுவும் நடுரோட்டில். இதற்கு எதற்கு உயிர்ப்பன்மை என்று பெரிய பேச்சு?

மரவட்டை:
அண்ணா, புலியை வைத்துக் காட்டை அளக்க முடியாது. 1942இல் லிண்டெமன் என்ற சூழலியலாளர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வைத்து ஆற்றல் கணக்கை எழுதினார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் 10% போகும் என்ற விதி அதிலிருந்து வந்ததுதான். இடத்துக்கு இடம் கூடும், குறையும். செடியில் 10,000 பங்கு இருந்தால் அதைத் தின்னும் பூச்சிக்கு 1,000, பூச்சியைத் தின்னும் குருவிக்கு 100, குருவியைப் பிடிக்கும் வைரி என்ற வேட்டைப் பறவைக்கு 10. மிச்சம் மூச்சிலும் உடல் சூட்டிலும் போகிறது, தின்னாமல் விட்டதும் செரிக்காததும் மண்ணுக்கு வருகிறது. உச்சியில் இருப்பவை எப்போதுமே கொஞ்சம்தான்.

இன்னொன்று, இதை யாரும் கண்டுகொள்வதில்லை. காட்டில் பச்சையாகத் தின்னப்படும் இலை மிகக் குறைவு, பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற இலை உதிர்ந்து பூஞ்சைக்கும் கறையானுக்கும் மண்புழுவுக்கும் (எனக்கும்!) போகிறது. சத்து மண் வழியாகத் திரும்பச் செடிக்கு வரும், ஆற்றல் திரும்பாது, வெப்பமாகப் போய்விடும். பல வகை மரத்துச் சருகு ஒன்று சீக்கிரம், ஒன்று மெதுவாக மட்கும், மண்ணுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. ஓக் இலை கடினம், மட்க நாளாகும்.

மிளகுக்கொடி:
மட்க நாளானால் நல்லதுதானே? கோடையில் ஈரம் காக்கிறது, களை முளைக்க விடுவதில்லை.

மரவட்டை:
ஈரம் காக்கும், சரி. ஆனால் உங்கள் அரபிகா காப்பிச் செடியில் தண்டுத் துளைப்பான் வருகிறதா இல்லையா? வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டில்தான் விரும்பி முட்டையிடும். கீழே தாழ்ந்த நிழல், மேலே உயர்ந்த நிழல் என்று இரண்டடுக்காக வைக்கச் சொல்வது அதனால்தான். ஒற்றை ஓக் வரிசையில் இரண்டாம் அடுக்கு எங்கே?

மிளகுக்கொடி:
துளைப்பானுக்குப் போன வருஷம் நிறையச் செடி பிடுங்கினேன். அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் நாட்டு மரம் வைத்தால் பின்னால் வெட்ட விடுவார்களா என்ற பயம் இங்கே எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்கு நீங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
2002 உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு, ஊரில் உள்ள உயிரினங்களை எழுதி வைக்கும் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு எல்லாம் உண்டே. நிழல் மரங்களை அதில் எழுதச் சொல்லலாமே?

மிளகுக்கொடி:
பதிவேட்டில் எழுதினால் எனக்குக் கூலிப் பணம் வருமா?

கோரிமேட்டு வாத்தியார்:
வராது. பழைய மரத்தை நிறுத்தி வைப்பவருக்கு யாராவது பணம் தர வேண்டும், இல்லையென்றால் அந்தக் காப்பிக்கு விலை கூடக் கிடைக்க வேண்டும். அதுவரை உங்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று நம் மலையின் பெயரையே தாங்கிய ஒரு மரம் இருக்கிறது. மலை முழுக்க ஓக் ஆனால் அதற்கு எங்கே இடம்? ஓக் இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு பலா, ஒரு சந்தன வேம்பு வையுங்கள்.

மிளகுக்கொடி:
கிணற்று மேட்டு இச்சியை வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன். ரோட்டோரச் சரிவில் ஓக்தான், அதில் மாற்றமில்லை. சந்தன வேம்பு யோசிக்கிறேன், கட்டைக்கு விலை உண்டு. பலா வேண்டவே வேண்டாம். பழம் பழுத்த வாசனைக்குக் காட்டெருமை வேலியைத் தள்ளிக்கொண்டு வரும், அப்புறம் காப்பிச் செடியைத்தான் மிதிக்கும்.

மரவட்டை:
அப்படியென்றால் பலாவைக் கிணற்று மேட்டுப் பக்கம் வைக்கலாமே, அங்கே காப்பி இல்லைதானே?

மிளகுக்கொடி:
கிணறு இருக்கிறது அம்மா. மாடு உள்ளே விழுந்தால் யார் தூக்குவது?