பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொன்ன நாள் உண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்

கொக்குவில்காரி:
எனக்கு இல்லை, அப்பாவுக்கு நடந்தது. அவர் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ரயில் கடவையில் காப்பாளர். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடையில் 24 வருடம். தண்டவாளம் இருந்த இடத்தில் ஆடு மேய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ரயிலுக்கு நிற்கும் பழக்கமே ஊருக்கு விட்டுப்போயிருந்தது.

அப்பாவிடம் இருப்பது ஒரு கொட்டில், ஒரு கதிரை, சிவப்புக் கொடி, விசில். சம்பளத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. கம்பத்தை இறக்கினால் அதற்குக் கீழால் மோட்டார் சைக்கிளைச் சரித்துக்கொண்டு போவார்கள். மறித்தால் ஏச்சு வேறு.

ஒரு ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம். பள்ளி விட்டு வந்த ஏழெட்டுப் பிள்ளைகள் கடவையடியில் சைக்கிளை நிறுத்தினார்களாம். ரயில் வரும் நேரமும் இல்லை. யாருக்கோ காற்றுப் போய்விட்டது என்று நினைத்து அப்பா எழும்பிப் போயிருக்கிறார். ஒரு பிள்ளை புத்தகப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்து நீட்டியது. உங்களுக்குப் படிப்பித்த, ஆனால் பள்ளியில் இல்லாத ஒருவருக்கு எழுதுங்கள் என்று ரீச்சர் சொல்லியிருந்தாராம்.

“நான் என்ன பிள்ளை படிப்பிச்சனான்?”

“நிக்கப் பழக்கினீங்கள், ஐயா.”

கடதாசியில் அப்பா கொடியோடு குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் குடையில் ஒரு கம்பி முறிந்து, ஒரு பக்கம் தொங்கும். அந்தத் தொங்கலையும் பிள்ளை விடாமல் கீறியிருந்தது. அத்தனை நாளும் யாரோ அவரை வடிவாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்பா வீட்டில் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சட்டை தோய்க்க எடுத்தபோது அம்மாதான் கண்டுபிடித்தார். மழைக்குப் போனைச் சுற்றி வைக்கும் பொலித்தீன் பையில் கடதாசி இருந்தது. போன் வெறுமனே கிடந்தது.

நெடுந்தீவான்:
வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் பக்கத்துக் கதை சின்னது. பட்டணத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தீவுக்கு வரக் குறிகட்டுவான் துறையில் படகு ஏறுவார்கள். கார்த்திகையில் கடல் அடிக்கும், படகு ஒரு நிலையில் நிற்காது. கிழவிகள் ஏறி முடியும்வரை இரண்டு பெடியன்கள் கை கொடுத்துக்கொண்டே நிற்பார்கள். என் அம்மாவின் பனங்கட்டிக் குட்டானை ஒருவன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான், தண்ணீர் படக்கூடாதென்று. இறங்கும்போது அம்மா ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். “நீங்கள்தான் ஆச்சி சின்னனில எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில சோறு சமைச்சுத் தந்தனீங்கள்” என்றான். அம்மாவுக்கு அவன் முகம் நினைவில்லை. அவனுக்கு அவரை நினைவிருந்தது.

கோண்டாவில்காரன்:
கொக்குவில் தங்கச்சி, அந்தப் பாதையால்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன். கம்பத்துக்குக் கீழால் நானும் போயிருக்கிறேன், ஒருமுறை ஏசியும் இருக்கிறேன். அப்பா எந்த நேரம் நிற்பார்?

கொக்குவில்காரி:
இந்தக் கிழமை பின்னேரம் அண்ணா. 2 மணிக்குப் பிறகு வாருங்கள். சீனி போடாத தேத்தண்ணிதான் குடிப்பார்.